அப்பாவின் அம்பாசிடர்

அப்பாவின் பழைய அம்பாசிடரிலிருந்த 1489 சி.சி. எஞ்சினைக் குன்னூர் வீட்டு முற்றத்தில் தம்பியும் நானும் ஒரு மெக்கானிக்கின் துணையோடு இறக்கினோம். அவ்விடத்தில் 1817 சி.சி. இசுஸு எஞ்சினை ஏற்றினோம். 1990களில் இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசிடரில் பொருத்திய எஞ்சின்தான் அது. முறைப்படி ஆர்.டி.ஓ. அனுமதியும் பெற்றோம்.

ஊட்டி ஏற்றத்தில் வண்டி சிரமமின்றி ஏறியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிய அன்றுதான் விழித்தோம். மாற்றியது எஞ்சினை மட்டுமே. பிரேக் பழைய டிரம் பிரேக். மூன்றாம் கியரில் இறங்கி, வளைவுக்கு வளைவு மிதித்ததில் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்தது. கருகல் நாற்றம் உள்ளே வந்தது.

அப்பா எப்போதும் இரண்டாம் கியரிலேயே இறங்குவார். அதைப் பயம் என்று சிரித்தவர்கள் நாங்கள். பர்லியாரில் சக்கரங்கள் ஆறும்வரை பேசாமல் நின்றோம்.

பழைய எஞ்சின் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை.