பக்கத்தில் போகும் படகு

பங்குனி பிறந்துவிட்டால் தலைமன்னாரில் நீச்சல்காரர் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும். வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் எழும்புவதற்கு முன் கடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் காலம் அது. இங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. மிஹிர் சென் 1966 ஏப்ரலில் அதை 25 மணித்தியாலம் 36 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போன கையோடு திரும்பியும் வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். அந்தச் சாதனை ஐம்பது வருடம் நின்றது. 2021 ஏப்ரலில் விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் போய் வந்து அதை முறியடித்தார்.

இந்தப் பெயர்களும் நேரங்களும் பதிவாகி இருக்கின்றன. பக்கத்தில் போன படகுகளில் இருந்தவர்களின் பெயர்களை யாரும் கேட்பதில்லை. என் மனம் அவர்களிடம்தான் போய் நிற்கிறது.

ஒருமுறை அப்படியொரு நீச்சலுக்குத் துணைபோன படகில் எனக்கும் இடம் கிடைத்தது. நடுச்சாமம் கழிந்து புறப்பாடு. நீந்தும் இளைஞரின் கழுத்திலும் கக்கத்திலும் தோள்மூட்டிலும் வாசலினை அப்பிவிட்டார்கள். உப்புத்தண்ணீரில் தோல் உராய்ந்து புண்ணாகிவிடும். தொப்பியின் பின்புறம் ஒரு சின்ன வெளிச்சம். இருட்டில் எங்களுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். அரை மணிக்கு ஒருதரம் கயிற்றில் கட்டிய போத்தலை வீசுவார்கள். அவர் மல்லாந்து கிடந்து குடித்துவிட்டுப் போத்தலை விட்டுவிடுவார். படகில் கை பட்டால் நீச்சல் செல்லாது.

பயிற்றுநர் கையில் மணிக்கூடும் கொப்பியும். நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி எழுதிக்கொண்டே வந்தார். அறுபதுக்கு மேல் இருந்த எண்ணிக்கை விடியும் நேரம் ஐம்பதுக்குக் கீழே இறங்கியது. உடனே விளிம்பில் குனிந்து, “தம்பி, அம்மாட பேர் என்ன?” என்று கேட்டார். களைப்பு தலைக்கேறினால் பதில் பிந்தும், நாக்குக் குழறும். பதில் பிழைத்தால், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் ஆளைத் தூக்கிவிட வேண்டியதுதான். அந்த இளைஞர் பேரைச் சரியாகச் சொல்லிவிட்டு, “இன்னும் எவ்வளவு தூரம் சேர்?” என்றார். அந்தக் கேள்விக்கு மட்டும் படகில் யாரும் பதில் சொல்வதில்லை.

எஞ்சின் பிடித்திருந்தவர் பேசாலைச் சம்மாட்டி ஒருவர். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஓட்டம் தெற்கால இழுக்குது மாஸ்டர், பொடியனைக் கொஞ்சம் வடக்கால பிடிச்சுப் போகச் சொல்லுங்கோ” என்றார். பாக்குநீரிணையின் தண்ணீரும் மன்னார் வளைகுடாவின் தண்ணீரும் மணல் தீடைகளுக்கு நடுவே ஒன்றையொன்று தள்ளும் இடம் அது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துகிறவருக்குத் தான் எந்தப் பக்கம் இழுபடுகிறோம் என்று தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

போட்டி நீச்சல் உலகம் இதை ஓர் உயிரைக் கொடுத்துத்தான் படித்தது. 2010 ஒக்டோபரில், ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த 10 கி.மீ. உலகக் கிண்ணப் போட்டியில் அமெரிக்கர் பிரான் கிரிப்பன் இறந்தார். வயது 26. கடல் அளவுக்கு மீறிச் சுட்டுக்கிடந்தது. மற்றவர்கள் கரையேறிய பிறகே அவரைக் காணவில்லை என்று தெரிந்தது. அதன் பின்புதான் திறந்த நீர்ப் போட்டிக்கு 31 பாகை செல்சியஸ் என்ற உச்ச வரம்பு வந்தது. படகு இருந்தால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனந்தனே 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். எங்கள் கடலின் வெதுவெதுப்பில் இரண்டு நாள் நீந்திய உடம்பு அது.

2022 மார்ச்சை என்னால் மறக்க முடியவில்லை. அந்த மாதம் 20ஆம் திகதி, மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற 13 வயதுப் பிள்ளை தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணித்தியாலம் 10 நிமிடத்தில் நீந்திப் போனாள். ஓட்டிசம் உள்ள பிள்ளை. துணைக்குப் படகுகள், கரையில் வரவேற்பு. இரண்டு நாள் கழித்து, 22ஆம் திகதி, அரிச்சல்முனைக்கு அருகே ஒரு தீடையிலிருந்து ஆறு பேரை இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டது. பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி இங்கிருந்து போனவர்கள். அதில் நான்கு மாதக் கைக்குழந்தையும் ஒன்று. படகுக்காரர் அவர்களை இருட்டில் அந்த மணலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரே கடல், ஒரே கிழமை. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த கைதட்டலில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்தக் கைக்குழந்தைக்கும் ஒரு படகு பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

2021இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் ஏறக்குறையக் கால்வாசிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். சாதனைக்கு இறங்கியவர்களா அவர்கள்? பலர் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கட்டில்லாத கிணற்றுக்கும் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். மூழ்குகிறவர் கத்துவார், கையைக் காட்டுவார் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கையில் மூச்செடுக்கவே நேரமில்லை, கத்துவது எப்படி? நிமிர்ந்தபடியே சத்தமில்லாமல் போய்விடுவார்கள். பார்த்து நிற்பவர் விளையாட்டென்று நினைப்பார். பிறகு ஒருவர் குதிப்பார், அவரைப் பிடிக்க இன்னொருவர். ஒரே வீட்டுக்கு மூன்று பிரேதம் வருவது அப்படித்தான்.

குதிக்க வேண்டாம், எறியுங்கள் என்றுதான் உயிர்காப்புப் பயிற்சியில் முதலில் சொல்வார்கள். மன்னாரில் வலைக்கு மிதப்பாகக் கட்டும் வெறுங் கான் இல்லாத வாடி கிடையாது. மூடியை இறுக்கி, கைபிடியில் இருபது மீட்டர் கயிற்றைக் கட்டினால் தாண்டுகொண்டிருக்கும் ஒரு பெரியவரைக்கூட அது தாங்கும். உள்ளே ஒரு கை தண்ணீர் விட்டால் காற்றில் பறக்காமல் போய் விழும். கட்டுக்கரைக் குளத்துக் கட்டில், பிள்ளைகள் குளிக்க இறங்கும் இடங்களில், கம்பம் நட்டு அதைத் தொங்கவிடலாம். மீனவர் சங்கத்திடம் கான் கேட்டிருக்கிறேன். கமக்கார அமைப்பிடம் கம்பம் கேட்க வேண்டும். சித்திரை விடுமுறைக்கு முன் முதல் கம்பத்தையாவது நட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடம் பூட்டிய அன்றே பொடியன்கள் குளத்துக்குப் போய்விடுவார்கள்.