ஒற்றைக்கொம்பு

அன்று சொல்வதெழுதுதல். "கொக்கு" என்று இரண்டு முறை சொன்னேன். நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் மூன்றில் "காக்கு" என்று இருந்தது. மூன்றையும் சிவப்பு மையில் சுழித்து, கீழே "கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. அந்த மூவரில் ஒருவருக்கும் கவனக்குறைவு இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

எங்கள் பள்ளி தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள், கன்னடம் பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாயில் உட்காருவார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புகளை இருவரும் பிரித்துக்கொண்டோம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம்.

முதல் பையனின் பக்கத்தில் ஒருநாள் தரையில் உட்கார்ந்து, அவன் எழுதும்போதே பார்த்தேன். "கொ" என்று முணுமுணுத்தான். உடனே க போட்டான். ஒட்டினாற்போல் கால் போட்டான். பிறகு பென்சில் அந்தரத்தில் நின்றது. கொம்பு ஒன்று வேண்டும் என்பது அவனுக்குத் தெரிகிறது. ஆனால் க-வுக்கு இடப்புறம் ஓரக்கோடு வந்துவிட்டது, இடமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விட்டான்.

நம் எழுத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறிலும் வாயில் பின்னால் வருகிற ஒலியின் குறி தாளில் முன்னால் நிற்கும். நமக்குக் கை பழகிவிட்டதால் அது கண்ணில் படுவதில்லை. ஆறு வயதுப் பிள்ளை காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறது. அதன் கணக்கு சரிதான். அட்டையில் கொம்பு, க, கால் மூன்றையும் தனித்தனியாக வெட்டிக் கொடுத்தேன். நாலைந்து நாள் மாற்றி மாற்றி அடுக்கினான். ஒருநாள் அவனாகவே, "கொம்பு முன்னாடி, மாடு நடுவுல, கால் பின்னாடி, டீச்சர்" என்றான். இன்றுவரை அந்த வரியைத்தான் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டாவது ஒரு சிறுமி. "கொடி எழுது" என்றால் பிழையில்லாமல் எழுதினாள். அப்படியானால் கொக்கில் என்ன சிக்கல்? கொக்குப் படத்தைக் காட்டி, "வீட்டில் இதை என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "கொங்க" என்றாள். அவள் வீட்டில் தெலுங்கு. எழுத்து அவளுக்குத் தெரியும், சொல்தான் தெரியாது. நான் சொன்ன புதுச் சொல்லைத் தனக்குத் தெரிந்த காக்காவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதே சிறுமி பின்னொரு நாள், கண்ணில் வருகிற க-வும் மகனில் வருகிற க-வும் வேறு வேறு சத்தமாக இருக்கும்போது எழுத்து மட்டும் ஏன் ஒன்று என்று கேட்டாள். தெலுங்கில் அந்த இரண்டு சத்தமும் தனித்தனி. தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் வகுப்பில் தாய்மொழி ஒன்றல்ல. அதனால் மாலையில் கேட்டுக்கு வரும் அம்மாக்களிடம் தினம் இரண்டு சொல் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாமவனுக்குக் காது. சன்னல் ஓரம் உட்காருவான், பேசும்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அடங்காதவன் என்றே நினைத்திருந்தேன். குனிந்து நோட்டைத் திருத்தியபோது சீழ் வாடை அடித்தது. பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவினர் பார்த்து, அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். என்னால் செய்ய முடிந்தது சின்ன வேலைதான்: நல்ல காது என் பக்கம் இருக்கும்படி இடம் மாற்றினேன், பலகையைப் பார்த்தபடி பேசுவதை விட்டேன்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம் என்பது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2007இல் தமிழகம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணியும் இருந்தன. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வந்தன. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்திலிருந்து தொடங்கலாம் என்ற அனுமதியை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். "அவன் அரும்பு, டீச்சர்" என்று ஒருவன் சொன்னபோது சுருக்கென்றது. அந்த அரும்பு சந்தையில் பாட்டியோடு கீரை விற்பவன். மூன்று கட்டுக்கு 50 ரூபாய் நீட்டினால் மீதியை விரல் மடக்காமல் சொல்வான். அரும்பு என்பது அவனுடைய தமிழ் வாசிப்பு இன்று நிற்கிற இடம். அவனுக்கு வைக்கிற பெயராக அது ஆகிவிடக்கூடாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும்போது, சந்தேகம் இருந்தால் தயங்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தப் பெயரை நானாக யாருக்கும் ஒட்டுவதில்லை. ஐந்து, ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம். பெரும்பாலும் ஏழெட்டு வயதில் தானாகவே நேராகிவிடும்.

இப்போது திருத்துவதற்கென்று தனியாக உட்காருவது குறைந்துவிட்டது. எழுதும்போதே பக்கத்தில் இருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம் என்று நூறு பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பென்சில் எங்கே நின்றது, எந்தச் சொல்லுக்கு முகம் மாறியது, காலையில் சாப்பிட்டதா என்றெல்லாம் அதில் இருக்கும்.

போன வாரம் புரட்டிப் பார்த்தேன். ஒருவன் பக்கத்தில் ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றையும் சரியாக எழுதி, நோட்டை முதலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருப்பான். அவன் எப்படி எழுதுகிறான் என்று நான் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை அவன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.