அம்மா அறை விளக்கு

வீட்டைப் புதுப்பித்தபோது விளக்கு, விசிறி, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் ‘ஸ்மார்ட்’ ஆக்கினேன். அம்மாவுக்காகத்தான் என்று உறவினர்களிடம் சொல்லிவந்தேன். அது பொய். நண்பர் ஒருவர் வீட்டில், கறுப்புக் கண்ணாடிப் பலகையில் விரல் வைத்ததும் நீலப் புள்ளி ஒளிர்வதைப் பார்த்திருந்தேன். என் வீட்டுக் கூடத்திலும் அப்படியொன்று இருக்க வேண்டும், வருகிறவர்கள் விசாரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மாவின் வயதையும் மங்கிவரும் பார்வையையும் அதற்குச் சாக்காக்கிக்கொண்டேன்.

மதுரையில் 1980களில் அப்பா கட்டிய வீடு. அந்தக் கால ஒயரிங்கில் பல சுவிட்சுகளுக்கு பேஸ் மட்டுமே வரும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் சுவிட்சுக்குப் போதாது. விளக்கு அணைந்திருக்கும்போதும் வைஃபையில் வரும் கட்டளைக்காக அது விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் தேவை. சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீசியன் இதை முதலிலேயே சொன்னார்: “இப்பவே எல்லா போர்டுக்கும் நியூட்ரல் இழுத்துருவோம் சார். சுவிட்ச் பழையபடி தட்டுற மாதிரியே இருக்கட்டும். பின்னாடி சின்னதா ரிலே வச்சா போன்லயும் போடலாம், கையாலயும் போடலாம். அம்மாவுக்குத் தடவிப் பாத்தா தெரியணும்ல?”

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் நன்றாகவே விழுந்தது. “கம்பெனிக்காரங்க பாத்துக்குவாங்க” என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். காடி வெட்டுகிறவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. எழுதவே கூசுகிறது.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் விற்ற அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றி சர்வர்களை நிறுத்தியதும், பணம் கொடுத்து வாங்கியவர்களின் செயலி ஒரே நாளில் முடங்கியதும் நான் படித்த செய்திதான். அதே ஆண்டு அக்டோபரில் ‘மேட்டர்’ தரநிலை வந்தது. அதன்படி செய்த கருவிகள் இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசும். 2013 முதலே இப்படிப்பட்ட கருவிகளை இயக்க ‘ஹோம் அசிஸ்டென்ட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சின்னக் கணினி ஒன்றை வீட்டில் வைத்து அதில் ஓட்டிக்கொள்ளலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டே, வெளியூர் சர்வரை நம்பி ஓடும் ஒன்றை வாங்கினேன். கண்ணாடி அழகாக இருந்தது.

நியூட்ரல் இல்லாத போர்டுகளுக்கு விற்பனையாளர் வேறு மாடல் கொடுத்தார். அது விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டுத் தன்னை ஓட்டிக்கொள்ளும். குண்டு பல்பில் அந்தக் கசிவு தெரியாது, எல்.இ.டி.யில் தெரியும். அம்மாவின் அறையில் அணைத்த விளக்கு இரவெல்லாம் மினுக்கியிருக்கிறது. “கண்ணுக்குள்ள ஏதோ மின்னிக்கிட்டே இருக்குப்பா” என்றார். கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். புதிதாக ஒன்றுமில்லை என்றார் அவர். அதன் பிறகு ஒருநாள் நள்ளிரவில் அந்த அறைக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. விளக்கோடு ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து மினுக்கலை நிறுத்தினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தன் கண்தான் கெட்டுக்கொண்டிருந்தது என்று அவர் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் தேர்வு தவறு என்று வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

வழவழப்பான கண்ணாடியில் இருட்டில் தடவினால் எது விளக்கு, எது ஹீட்டர் என்று எப்படித் தெரியும்? ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரை வைத்து, ‘வாயால் சொல்லுங்கள் போதும்’ என்றேன். அந்த ஸ்பீக்கருக்கு அம்மாவின் தமிழ் புரியவில்லை. தன் கணவர் கட்டிய வீட்டில் விளக்குப் போட, அவருக்கு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்யவைத்தேன். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் உயிர் பெறும்வரை அதுவும் வேலை செய்யாது. கடைசியில் அவர் பாத்ரூம் விளக்கை இரவு முழுக்க எரியவிட ஆரம்பித்தார். கரண்ட் பில்லைக் காட்டி அவரைக் கடிந்துகொண்டேன்.

போன வாரம் அதே எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். பழைய பைப்பில் இன்னொரு ஒயர் நுழைய இடமில்லையாம், பெயின்ட் அடித்த சுவரை மறுபடி கொத்த வேண்டுமாம். கொத்தச் சொல்லிவிட்டேன். அம்மா அறையிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. தட்டுகிற சுவிட்சுதான் வைக்கப்போகிறார்.

மினுக்கல் விஷயத்தையும் அம்மாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. “அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா. பார்வை போயிரும்னு நெனச்சு, உங்கப்பா போட்டோவ தெனமும் பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.