பெயர்ப்பலகை இல்லாத பட்டறை அண்ணன்களுக்கு

அன்புள்ள அண்ணன்களுக்கு,

ரேஸில் ஜெயித்த காருக்குப் பக்கத்தில் டிரைவர் நிற்பார், ஸ்பான்சர் நிற்பார், கிளப் தலைவர் மாலையோடு நிற்பார். படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, கையில் கழிவுத் துணியோடு ஒருவர் தெரிவார். அந்தப் பாதி ஆளுக்குத்தான் இந்த மடல். கோவையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே தகர ஷெட் போட்டு என்ஜின் கட்டியவர்களுக்கும், சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்து பழைய பார்ட் பொறுக்கிவந்து புது வேகம் கண்டவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனியாக எழுதியிருந்தால் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "சரிப்பா, வண்டிக்கு என்ன பிரச்சனை, அதைச் சொல்லு" என்பீர்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இன்றைக்கு ஷோரூமில் நுழைந்தால் டர்போ காரை மாதத் தவணையில் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். 1970-களில் இந்தியாவில் வாங்கக்கூடியதாக இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை: அம்பாசடர், பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், நம் வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு. ஃபியட்டுக்கு 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங் தண்டில் கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். குடும்பத்தோடு திருப்பதி போய்வர அது போதும். சோழவரத்துக்குப் போதாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பணம் படைத்தவர்கள் வெளிநாட்டுக் கார் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் வீட்டு ஃபியட்டை உங்களிடம் கொண்டுவந்தார்கள்.

வெளிநாட்டு உதிரிபாகம் வேண்டுமென்றால் இறக்குமதிக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். கேட்டலாக்கில் பார்த்து ஆர்டர் போடுவதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத காலம். எனவே இல்லாத பாகத்தை நீங்களே கடைந்தீர்கள். பம்ப்செட்டுக்கும் நூற்பாலைக்கும் பாகம் செய்துகொண்டிருந்த கோவை லேத்திலேயே பந்தய என்ஜினுக்கும் வேலை நடந்தது. வார்ப்பும் கடைசலும் அறிந்த ஊர் என்பதால்தான் அங்கே மோட்டார் பந்தயமும் வேர்பிடித்தது என்பது என் கணக்கு. ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். கட்டத் தெரிந்தவர்கள்தான் அரிது.

நீங்கள் என்ஜின் ஹெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்து வேலை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் விரலைத்தான் விடுவீர்கள். காற்று உள்ளே போகும் துளையில் சுட்டுவிரலை நுழைத்து, மணல் வார்ப்பில் விழுந்த முண்டு எங்கே இருக்கிறது, மேனிஃபோல்டின் வாயும் ஹெட்டின் வாயும் எங்கே சேராமல் படி தட்டுகிறது என்று தடவிப் பார்ப்பீர்கள். பிறகு மார்க்கர் கோடு, அப்புறம் கிரைண்டர். கொஞ்சம் தேய்ப்பீர்கள், ஊதுவீர்கள், மறுபடி விரல். பக்கத்திலிருக்கும் பையன் உற்சாகத்தில் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடப் போனால் அதட்டுவீர்கள்: "உள்ளே போற வழி கொஞ்சம் சொரசொரப்பா இருக்கட்டும்டா. வழவழன்னு இருந்தா பெட்ரோல் சுவத்துல ஒட்டி வழியும், காத்தோட கலக்காது. வெளியே போற வழியை வேணா பளபளன்னு தேய், கரி பிடிக்காது." கார்புரேட்டர் என்ஜினின் சூட்சுமம் அந்த அதட்டலுக்குள் இருந்தது. ஹெட்டின் அடியைச் சீவினால் கம்ப்ரஷன் கூடும், இழுவை கூடும். அளவு மீறினால் நம் ஊர்ப் பெட்ரோலுக்கு என்ஜின் நாக் அடிக்கும், பிஸ்டன் போகும். எங்கே நிறுத்துவது என்பதைக் காதால் முடிவுசெய்தீர்கள். டைமிங்கை இம்மியளவு திருப்புவது, கேட்பது, மறுபடி திருப்புவது. இந்தப் பொறுமைக்குக் கூலி எழுதும் கட்டம் எந்த ரசீதிலும் இருந்ததில்லை.

கோவையின் கரிவர்தனை நினைக்காமல் உங்களுக்கு நன்றி சொல்ல முடியாது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி ஓட்டி ரசித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 1980-களின் கடைசியில், தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை எடுத்துக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று நாடறிந்தது அது. அதன் பெருமை வேகத்தில் இல்லை, விலையில் இருந்தது. கெட்டுப்போனால் எந்த மாருதி கடையிலும் பாகம் கிடைத்தது. நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டித்தான் வளர்ந்தார். 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். நாற்பதைச் சற்றே தாண்டிய வயதில், 1995-இல், வான் விபத்தில் கரிவர்தன் இறந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் அந்தச் சட்டங்களுக்கு வெல்டிங் வைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தது. பிறகு மாருதி எஸ்டீம் வந்தது, அதன் 1.3 லிட்டர் என்ஜின் உங்கள் கைக்கு வாகாக அமைந்தது. திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான் என்று நம் வாசலிலேயே நல்ல கார்கள் தயாராயின. அதோடு சேர்ந்து ஒரு வியாதியும் வந்ததைச் சொல்லியாக வேண்டும். 1500 சிசி லான்சருக்கு, அதன் அதிவேக வடிவமான எவோவின் பம்பர், எவோவின் இறக்கை, பக்கவாட்டில் ஸ்டிக்கர். ஓடுவதென்னவோ பழைய வேகம்தான். அந்தக் கூட்டத்தை நீங்கள் திட்டித் திருப்பி அனுப்பினீர்கள். "பிக்கப் வேணும்" என்று வந்தவனிடம் முதலில் டயரைக் காட்டினீர்கள், அடுத்து பிரேக்கை, அப்புறம் சஸ்பென்ஷனை. நிறுத்தத் தெரியாத வண்டிக்கு வேகம் எதற்கு என்று கேட்டு, வந்த காசை வேண்டாம் என்றீர்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகாதவர்களில் நானும் ஒருவன். என் காரில் உங்கள் கைபட்ட முதல் இடம் பிரேக் பேட்தான். அதற்கான நன்றியை இன்றுவரை நேரில் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

கிரைண்டர் இருந்த பெஞ்சில் இப்போது லேப்டாப் இருக்கிறது. போலோ ஜி.டி.யின் 1.2 லிட்டர் டர்போ என்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபோது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். ஸ்பானரே தொடாமல், என்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யூ.வில் எழுதியிருக்கும் அட்டவணைகளை மாற்றினாலே டர்போவின் அழுத்தம் கூடும், இழுவை எகிறும். இளைஞர்களுக்கு இது மந்திரம். ஆனால் அந்தக் காரின் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி தாங்கக்கூடியது 250 நியூட்டன் மீட்டர் வரைதான் என்பது உங்களுக்குத் தெரியும். திரையில் எண்ணை ஏற்ற யாராலும் முடியும். கிளட்சின் ஆயுளைக் கணக்குப் போட்டு, எண்ணை வேண்டுமென்றே குறைத்து எழுதிக்கொடுப்பவர்கள் சிலரே. அன்றைக்குக் காதில் இருந்த அந்த நிதானம் இன்று விரல்நுனியில் இருப்பதைப் பார்க்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. காது கிழியும் சைலன்சரோடு நள்ளிரவில் குடியிருப்புகளைக் கலக்கும் பையன்களைப் பார்த்தால், சட்டம் இன்னும் கடுமையாக இருக்கக் கூடாதா என்று எனக்கே தோன்றும். ஆனால் நல்ல பிரேக் மாட்டுகிறவனையும் அவனையும் ஒரே தட்டில் வைப்பது முறையில்லை. ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுபோனால், பாகம் தரமானதா, பொருத்தியது சரியா என்று பார்த்து வண்டியின் ஆவணத்திலேயே பதிந்து தருகிறார்கள். அப்படி ஒரு வழி இங்கே இருந்தால் உங்களில் பலர் மறைவில் தொழில் செய்ய வேண்டியிருக்காது.

உங்கள் ஆட்களின் வேலை பெரிய கம்பெனியின் முத்திரையோடு வெளிவந்த தருணம் ஒன்று உண்டு. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், ரேஸ் ஓட்டிய ஜே. ஆனந்த் நடத்தும் நிறுவனம், டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. காரைக் கொண்டுவந்தது. சாதாரண டியாகோ பெட்ரோலுக்கு 85 குதிரைத்திறன். இதற்கு டர்போவோடு 114. விலை ஏழு லட்சத்துக்குள். மாடிஃபை செய்த காரை வாரண்டியோடு ஷோரூமில் வாங்கலாம் என்ற நிலை அது. விற்பனை போதவில்லை, இரண்டு வருடத்துக்குள் நின்றுபோனது. வாங்கி வைத்திருப்பவர்கள் இன்னும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். செட்டிப்பாளையம் கரி தடத்தில் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரியில், ஃபார்முலா பாரத் நடக்கிறது. நாடெங்கிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வருவார்கள். பெட்ரோல் கார் என்றால் விதிப்படி என்ஜினுக்குக் காற்று போவது 20 மில்லிமீட்டர் துளை வழியாக மட்டுமே. அந்தச் சின்னத் துளையில் எவ்வளவு காற்றை இழுக்கலாம் என்று பிள்ளைகள் கம்ப்யூட்டரில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் சுட்டுவிரலுக்கு அது தெரியும். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு அங்கே போங்கள், அண்ணா. பிட்டில் ஓரமாக நில்லுங்கள். யாராவது கேட்டால் சொல்லிக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லிக் கொடுங்கள்.


உங்கள் வாடிக்கையாளன்