நாலு அங்குலம்

என் அம்மா உப்புப் பார்க்காமல் சமைப்பவள். நைவேத்தியம் ஆகுமுன் நாக்கில் வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஒரு நாளும் அவளுக்கு உப்புத் தப்பியதில்லை. அந்தக் கை எனக்கும் வாய்த்திருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தேன்.

அப்பா ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். டில்லியில் அண்ணாவிடம் போய்த் தங்குவதாக ஏற்பாடு. அந்தக் குளிரைத் தாங்க வேண்டுமே என்று கம்பளி நூலும் ஓர் ஆங்கிலப் பின்னல் புத்தகமும் வாங்கினேன். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, ‘டென்ஷன்’ என்று ஒரு தலைப்பு. எட்டாம் நம்பர் ஊசியில் 4 அங்குலத்துக்கு 22 கண்ணி வர வேண்டும். முதலில் ஒரு சதுரம் பின்னிப் பார் என்றிருந்தது. வீட்டில் இருக்கிற டென்ஷன் போதாதா என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மார்புச் சுற்றளவு 40 அங்குலம். முன்னுக்கு 110, பின்னுக்கு 110, ஆக 220 கண்ணி. எழுத வேண்டிய கதையை ஒத்திப்போட்டுவிட்டு ஐந்து வாரம் பின்னினேன்.

சென்னைப் புழுக்கத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தோம். தோள் முழங்கையை நோக்கி இறங்கியது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா கண்ணாடி முன் போய் நின்றார். மார்பில் தொங்கிய பின்னலைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“இத்தனையாம்மா இளைச்சுப் போயிட்டேன்?”

அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

“அளவுதான் தப்பு அப்பா. என் கைக்கோளாறு” என்றேன்.

“சரிம்மா” என்றார். நம்பவில்லை என்பது அந்தச் ‘சரி’யிலேயே தெரிந்தது.

அன்றிரவு டேப்பை வைத்து எண்ணினேன். 4 அங்குலத்தில் 20 கண்ணி. இரண்டே கண்ணி குறைவு. 220 கண்ணியில் அது 40 அங்குலத்தை 44 ஆக்கிவிட்டது. என் கை தளர்ந்த கை. புத்தகம் எழுதியவளுடையது இறுகிய கை. அம்மா தன் கைக்கணக்கில் சமைக்கிறாள். நானோ இன்னொருத்தியின் கைக்கணக்கை என் கையில் ஏற்றிக்கொண்டேன்!

முழுவதையும் பிரித்தேன். சுருண்ட நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, உலர்த்தினேன். பிறகு 6 அங்குலத்தில் ஒரு சதுரம். அதையும் நனைத்துப் பரப்பி உலர்த்த வேண்டும். தண்ணீரைக் கண்ட பிறகுதான் கம்பளி தன் உண்மையான அளவைக் காட்டும். ஓரத்துக் கண்ணிகள் கோணிக்கொள்ளும் என்பதால் நடுவில்தான் எண்ண வேண்டும். இந்த ஊசிகளில் நம்பர் ஏற ஏறக் கனம் குறையும். ஒன்பதாம் நம்பரில் 21 வந்தது. பத்தாம் நம்பரில் 22. இதற்கெல்லாம் நாலு நாள் போயிற்று. ஐந்து வாரத்தைத் தொலைத்தவளுக்கு நாலு நாள் ஒரு பொருட்டா?

அப்பா கிளம்புவதற்கு முதல் நாள் வேலை முடிந்தது. போட்டுக்கொண்டார். தைத்துவைத்தாற்போல் உட்கார்ந்தது. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

“பார்த்தாயோ? உடம்பு பழையபடி தேறிடுத்து!”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மீதி நூலை உருட்டிக்கொண்டிருந்தேன்.