நடைதூரம்

காவிரியினின்று குடமுருட்டி பிரிந்து செல்லும் திருக்காட்டுப்பள்ளி எங்கள் ஊர். அவ்வூரில் 35 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணி செய்து ஓய்வு பெற்றேன். அத்தனை ஆண்டுகளும் பள்ளிக்கு நடந்தே சென்றேன், நடந்தே திரும்பினேன். அக்கினீசுவரர் திருக்கோயில், காய்கறிக் கடைகள், அஞ்சலகம், மருத்துவர் இல்லம், பேருந்து நிற்குமிடம் யாவும் கால் மணி நேர நடைக்குள் அடங்கியிருந்தன. சொந்தமாக ஊர்தி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு ஒருபோதும் எழுந்ததில்லை. பழைய மிதிவண்டி ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அதுவும் திண்ணையேறி உறங்கும்.

சென்ற ஆண்டு என் மனைவிக்கு இருமுறை தலைசுற்றல் வந்தது. சென்னையில் பணிபுரியும் எங்கள் மகன் ஓடி வந்தான். "அப்பா, இனி உங்கள் இருவரையும் தனியே விட்டு வைக்க என் மனம் ஒப்பவில்லை" என்று கூறி, எங்களைத் தன்னுடன் அழைத்துச் சென்றான். பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பன்னிரண்டாம் தளத்தில் அமைந்தது அவன் வீடு. காற்றும் வெளிச்சமும் நிறைந்த நல்ல வீடு. குறை கூற இயலாது. ஆயினும் பெருஞ்சாலைக்கு வர 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இடையில் மர நிழலும் இல்லை, நடைபாதையும் இல்லை. இருப்புப்பாதையோ அப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மகன் காலை எட்டு மணிக்குக் காரில் புறப்பட்டால் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புவான். அதுவரை நாங்கள் இருவரும் மேகங்களுக்கு அண்டை வீட்டாராக இருந்தோம்.

ஊரில் யாரையும் எதிர்பாராமல் கைப்பையுடன் கடைக்குச் சென்று வந்தவள் என் மனைவி. இங்கே ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் மகனிடம் சொல்லி வைக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் பிற்பகல் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. வாடகைக் கார் ஒன்றுக்குச் சொன்னோம். வருவதாக ஒப்புக்கொண்டவர் வரவில்லை. இரண்டாமவரும் வரவில்லை. மூன்றாவது கார் வந்து சேர 50 நிமிடங்கள் ஆயின. அந்த 50 நிமிடங்களில் நான் கற்ற இலக்கணம் முழுதும் என்னைக் கைவிட்டது. அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறினார். எனினும் அன்றிரவே, நடந்து வாழத்தக்க ஓர் இடத்தை இந்நகரில் தேடுவது என்று முடிவு செய்தேன். மகன் முகம் வாடினான். "நான் இருக்கும்போது நீங்கள் தனி வீடு எடுத்தால் ஊரார் என்ன சொல்வார்கள்?" என்றான். அதற்கு நான் விடை கூறவில்லை. என்னிடம் விடை இல்லை.

2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இப்பரப்பில் நடப்பவனுக்கு உரிய இடம் யாது? பகுதி பிறந்த காலத்தை நோக்கினால் விடை ஓரளவு புலப்படும். 1895 முதல் 1953 வரை இந்நகரில் டிராம் வண்டி ஓடியது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழம் பகுதிகள் நடப்பவர்க்காகவும், மாம்பலம் போன்றவை நடந்து சென்று ரயில் ஏறுபவர்க்காகவும் வளர்ந்தவை. பின்னர் எழுந்த பல பகுதிகள் ஊர்தி உடையார்க்கு ஆனவை. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரத்தில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். இரு பாக்கத்தாரும் எளிதில் வந்து சேரும் இடம் அது என்பது அப்போது என் சிந்தையில் பட்டதில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் கிட்டும் நகரம் என்பதைக் கார்லோஸ் மொரேனோ என்னும் பேராசிரியர் ஒரு கொள்கையாக வகுத்தார் என்றும், பாரிஸ் நகரத்தார் அதனை மேற்கொண்டனர் என்றும் படித்தேன். திருக்காட்டுப்பள்ளியார் கேட்டால் சிரிப்பார்கள்.

முதலில் மயிலாப்பூர் சென்றோம். குளமும் மாட வீதிகளும் எங்கள் நெஞ்சைப் பறித்தன. வாடகையோ ஓய்வூதியத்தைப் பறிக்கும்போல் இருந்தது. மேற்கு மாம்பலத்துக்குத் திரும்பினோம்.

அங்கே நான் தரகர் சொல்லை நம்பவில்லை. பார்த்த வீடு ஒவ்வொன்றின் வாயிலிலிருந்தும் ரயில் நிலையத்துக்கு மனைவியின் நடையிலேயே நடந்து, கடிகாரம் பார்த்தேன். என் நடையில் அளந்தால் அளவு பிழையாகிவிடும் அன்றோ? காய்கறிக் கடை, மருந்துக் கடை, காசி விசுவநாதர் கோயில் ஆகியவற்றுக்கும் அவ்வாறே அளந்தேன். மாம்பலத்துக்கும் எழும்பூருக்கும் இடையே மூன்று நிலையங்களே உள்ளன. எழும்பூரில் இறங்கினால் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்கு நடந்து செல்லலாம். 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைமேடை மாம்பலம் நிலையத்தைத் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தோடு இணைக்கின்றது. அதற்கு மின்தூக்கியும் உண்டு.

குறைகளும் உள. நடைபாதை என்று பெயர் பெற்ற இடத்தில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முதியோர் சாலையில் இறங்கியே நடக்கின்றனர். அதனினும் பெரிது தண்ணீர்த் தொல்லை. அடுத்துள்ள தியாகராய நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுந்தது. 2021 நவம்பர் மழையில் இப்பக்கத் தெருக்களில் வெள்ளம் நின்றது. ஆற்றங்கரையில் பிறந்தவன் ஆதலின், வீடு காணும் முன் நீர் நின்ற அளவைக் கேட்டறிவது என் வழக்கம். தெரு முனையில் இஸ்திரி வண்டி நிறுத்தியிருந்த பெரியவரை வினவினேன். அவர் வாய் திறவாமல் தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பின்னர், "இரண்டு தெரு தள்ளிப் போங்கள் ஐயா, அங்கே கணுக்கால்தான்" என்றார். அங்கேயே முதல் தளத்தில் வீடு அமைந்தது. ஏறுவதற்குப் பதினெட்டுப் படிகள். மனைவி ஏறிப் பார்த்து, நின்று மூச்சு வாங்கி, "ஏறலாம்" என்றாள்.

குடிபுகுந்த மூன்றாம் நாள் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, "கடை வரை போய் வருகிறேன், நீங்கள் வரவேண்டா" என்று புறப்பட்டாள். ஒரு மணி நேரம் சென்றது. இரண்டு மணி நேரமும் சென்றது. கைப்பேசியை அவள் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றதைக் கண்டேன். பழைய 50 நிமிடங்கள் என் நினைவில் எழுந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ரயில் நிலையம் வரை ஓட்டமும் நடையுமாகச் சென்றேன். நடைமேடைப் படிகளில் அவள் நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். மயிலாப்பூருக்குப் பேருந்து ஏறிச் சென்று, கபாலீசுவரரைத் தொழுதுவிட்டு வருகிறாளாம். "போகவும் வரவும் காலணாச் செலவில்லை" என்றாள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிர்க்குப் பயணச்சீட்டு இலவசம் ஆயிற்றே! சினந்துகொள்ள வாயெடுத்தேன்; அவள் முகத்தைக் கண்டு அடங்கினேன். அவ்வளவு ஒளி அம்முகத்தில் பல மாதங்களாக இல்லை. பையில் கீரையும், கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலையும் இருந்தன.

அடுத்த ஞாயிறு மகன் வந்தான். எங்கள் தெருவில் காரை நிறுத்த இடமில்லை. மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நடந்து வந்து சேர்ந்தான். அவன் தாய் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இந்நேரம் வெயிலில் ஏன் நடந்தாய்?" என்று கேட்டாள்.