ஊரறிந்த இரகசியம்

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது என் படம் பொறித்த பெரிய பதாகை ஒன்றை எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கட்டினார்கள். நெற்றிச்சுட்டியும் பட்டுப் பாவாடையுமாக நான், தோளில் ஒரு கிளி, பின்னால் தாஜ்மகால். (கிளியும் தாஜ்மகாலும் ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம்.) மேலே ‘பூப்புனித நீராட்டு விழா’ என்று எழுதி, கீழே மாமன்மார், சித்தப்பாமார் என்று முப்பது நாற்பது பேர்களின் பெயர்கள். வேடசந்தூர் சாலையில் போகிற பஞ்சாலை வேன்களில் இருந்தவர்கள்கூட அதைப் படித்திருப்பார்கள். எனக்கு என்ன நேர்ந்தது என்பது சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் அந்தப் பதாகையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோழியரே, முகம் சுளிக்க வேண்டாம். இதைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று நானும் பல நாள் தயங்கினேன். எழுதாமல் விடுவதற்கான காரணம் வெட்கம் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு எழுதத் துணிந்தேன்.

முதன்முதலாக இரத்தத்தைக் கண்ட அன்று வயிற்றுக்குள் ஏதோ அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா உதிரப்போக்கினால் இறந்திருந்தார். நானும் அப்படித்தான் போகப்போகிறேன் என்று ஒரு பகல் முழுதும் யாரிடமும் சொல்லாமல் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கண்டுபிடித்தபோது முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பினாள். தென்னங்கீற்றால் குச்சில் கட்டினார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கிடைத்தன. விளக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

“இனிமே ஆம்பளைப் பிள்ளைகளைத் தொட்டு விளையாடக் கூடாது.”

“ஏம்மா?”

“கூடாதுன்னா கூடாது.”

நான் பெற்ற பாலியல் கல்வி முழுவதும் இந்த மூன்று வரிகளில் அடங்கிவிட்டது. குழந்தை மனம் சும்மா இருக்குமா? தொட்டால் பிள்ளை உண்டாகிவிடும் என்று நானே பொருள் செய்துகொண்டேன். பள்ளிக்குத் திரும்பிய சில நாட்களில், நோட்டுப் புத்தகம் வாங்கும்போது ஒரு பையனின் கை என் கையில் பட்டுவிட்டது. அடுத்த மாதம் எனக்கு வர வேண்டியது வரவில்லை. அதற்கடுத்த மாதமும் தள்ளிக்கொண்டே போனது. முதல் ஓரிரு ஆண்டுகளில் இப்படி முன்பின் ஆவது இயல்பு என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஏறக்குறைய ஏழு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தோட்டத்துக் கிணற்றடியில் நின்று நெடுநேரம் தண்ணீரையே பார்த்திருக்கிறேன். இன்று எண்ணினால் சிரிப்பு வருகிறது. அன்று அது சிரிப்பாக இல்லை.

பாடநூலில் இல்லாமலா போய்விட்டது? எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்றே ஒரு பாடம் இருந்தது. பத்தாம் வகுப்பில் மாதவிடாய்ச் சுழற்சி படத்தோடு இருந்தது. “இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு வகுப்புகளிலும் பாடம் முடிந்தது. ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுடைய ஆசிரியர்களும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். இந்தப் பூட்டு மட்டும் எல்லா ஊர்களிலும் செய்யப்படுகிறது.

வியாழக்கிழமைதோறும் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அது பிள்ளை பிறக்காமல் செய்கிற மாத்திரை என்று யாரோ கிளப்பிவிட, பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே எறிந்தோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். கொடுத்தது அரசு, எறிந்தது நாங்கள், எதற்கென்று சொல்ல மட்டும் ஆளில்லை. 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச அணையாடை தரும் ‘புது யுகம்’ திட்டத்தை 2011இல் அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் எங்களுக்கு அது கறுப்புப் பையில் சுற்றித்தான் வந்தது.

என் பூட்டைத் திறந்தவர் எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி போட அங்கன்வாடிக்கு வருவார். எனக்கு அப்போது பதினைந்து வயது. சித்தி மகனுக்கு ஊசி போட எடுத்துப்போனவள், கூட்டம் கலைந்ததும் மெல்லக் கேட்டேன்: “நர்சம்மா, கை பட்டா பிள்ளை வருமா?” அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டேன்.

“அழுக்கு ரத்தமெல்லாம் இல்லை பாப்பா. உள்ளே மாசாமாசம் குழந்தைக்குப் பாய் விரிக்குது. விருந்தாளி வரலைன்னா பாயைச் சுருட்டி எடுத்துடறோம்ல, அவ்வளவுதான்.”

பிறகு தடுப்பூசி அட்டையின் பின்புறம் படம் வரைந்தார். சினைப்பையிலிருந்து மாதம் ஒரு முட்டை வருவதையும், அது ஒரு நாள்கூட முழுதாக நிலைக்காது என்பதையும், ஆணின் விந்தணு பெண்ணுடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கக்கூடும் என்பதையும், அவை எப்படிச் சந்திக்கின்றன என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வந்தால் சரிதான் என்றார். சிறுமிகளுக்கு இன்னும் சற்றுத் தள்ளிப் போனாலும் பயமில்லை என்றார். துணியை நிழலில் ஒளித்துக் காயவைக்காதே, வெயிலில் போடு என்றார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன்.

வெளிப்படையாகப் பேசுவது நம் மண்ணுக்குப் புதிதா என்றால், இல்லை. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம் அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் மருத்துவரானார். ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு, 1947இல் இருவருமாகச் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். அங்கிருந்து 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தில், ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார்கள். ஆயிரத்துக்கு 43 ஆக இருந்த பிறப்பு விகிதம் 1968இல் 28 அளவுக்கு இறங்கியது. இங்கிருந்து பேருந்தேறினால் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் நடந்தது இது. ஆனால் அந்தப் பேச்சு மணமானவர்களோடு நின்றது. மணமாகாத பிள்ளைக்கு எதற்கு என்று அன்று நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறார்கள். அதே 2019-21 ஆய்வு சொல்வதைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் நூற்றுக்கு ஆறு பெண்கள் தாயாகிவிட்டிருந்தார்கள், அல்லது கருவுற்றிருந்தார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு நின்று பஞ்சாலைக்குப் போனவள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். மாதக்கணக்கில் தள்ளிப்போனதை ஆலைச் சூட்டினால் என்று நினைத்தாளாம். மருத்துவமனைக்குப் போனபோது ஏழாம் மாதம். 2021இல் திருத்திய சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை கருவைக் கலைக்கலாம். அந்தக் கெடுவும் கடந்திருந்தது. பதினெட்டுக்குக் கீழே சம்மதம் சம்மதமே அல்ல என்பது 2012 போக்சோ சட்டம். பையனுக்குப் பத்தொன்பது வயது, சிறைக்குப் போனான். அவன் செய்ததற்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவனுக்குப் பாடம் நடத்தியது கைப்பேசி.

சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பார்கள். 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் பல மாநிலங்கள் நிறுத்தியதும் இதைச் சொல்லித்தான். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேலைநாட்டுச் சரக்கு என்ற எண்ணமே தவறு என்று ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தது. நான் நீதிமன்றம் வரை போகவில்லை. அந்த ஒருத்தியையும் என்னையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சொல்லப்பட்டவள் கல்லூரியில் இருக்கிறேன். சொல்லப்படாதவள்தான் கெட்டுப்போனவள் என்று பெயர் வாங்கினாள்.

என் தங்கைக்கு இப்போது பதினொரு வயது. சென்ற கார்த்திகையில் ஒருநாள் மாலை, துவைகல்லில் அவளை உட்காரவைத்து, நர்சம்மா வரைந்த படத்தைக் கரித்துண்டால் தரையில் வரைந்தேன். முதலில் என் குரல்தான் நடுங்கியது. அவளோ, “தம்பிக்கும் இந்த மாதிரி ஏதாவது உண்டா அக்கா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். உண்டு என்று, தெரிந்ததைச் சொன்னேன். வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவே இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

தங்கை எழுந்து விளையாடப் போனபிறகு அம்மா கீரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “அந்தப் பாய் விரிக்கிற கதையை எனக்கும் இன்னொரு தடவை சொல்லு. எனக்கு நாலு மாசமா வரலை. ராத்திரியெல்லாம் உடம்பு எரியுது. யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியலை.”

அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. அது நிற்கிற பருவம் என்று சொன்னேன். வேறு காரணமும் இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது என்றும் சொன்னேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. அடுத்த புதன்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன்.